தொட்டிக்குக் கொஞ்சம் கடல்

ஆலங்குடா
14.01.2024

மதினிக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தோடு நீங்கள் விட்டுப்போன பையும் வருகிறது. அதிலுள்ள வெள்ளைச் சாரியை நான் பிரிக்கவில்லை. கடையில் கேட்டால் திருப்பி எடுப்பார்கள்.

அன்று உங்களை வாசல்வரை வந்து அனுப்பாதது என் பிழைதான். நீங்கள் ஆட்டோவில் ஏறும்போது நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். சீலையை விலக்க எனக்குக் கை வரவில்லை.

போன் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் 'ஹலோ' சொல்லி முடிக்கும்போது கடைசியில் ஒரு இழுப்பு வரும். உங்கள் தம்பிக்கும் அதே இழுப்பு. ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்துவிட்டு, குந்திய இடத்திலிருந்து அன்று முழுக்க என்னால் எழும்ப முடியவில்லை. ஆகவே சொல்ல வேண்டியதை எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

"புருஷன் மௌத்தாகி ஒரு மாசம் தாண்டிட்டு, இவ இத்தா இருக்காம பச்சைச் சாரி உடுத்துப் பள்ளிக்கூடம் போறா" என்று சொன்னீர்கள். இத்தா என்பது கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருப்பது. நான் இழந்தவள் என்று யார் சொன்னது? நளீம் அலங்கார மீன் பிடிக்கும் கைவலையோடு தண்ணீருக்குள் இறங்கினார். அவரோடு தொழிலுக்குப் போகும் மஸாஹிர் படகில் காத்திருந்தார். இவர் மேலே வரவில்லை. யாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். நீரோட்டம் இழுத்துப்போய் இந்தியப் படகு ஏதும் ஏற்றியிருக்கலாம். அப்படிப் போய், அங்கே மறியலில், சிறையில் கிடந்து, ஊரே கைவிட்ட பிறகு திரும்பி வந்தவர்கள் கற்பிட்டியில் இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியும்.

மாமிக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

பஸீஹா


புத்தளம்
21.01.2024

பஸீஹா,

வஅலைக்கும் ஸலாம். பை வந்து சேர்ந்தது. பஸ்ஸில் யாரோ அதுக்கு மேலே குந்திக்கொண்டு வந்திருக்கு. கடைக்காரன் அதைக் கண்டால் என்னையும் சேர்த்து வெளியே போடுவான். அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளை இந்த வயதில் மேசையில் குந்தவைத்துக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். எங்கட வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு, கச்சேரியில அரசாங்க அதிபருக்கா?" என்று கேட்கிறார். என் குரல் உனக்கு ஆகாது என்றால் இனி என் கையெழுத்தைப் பார்த்துக் கஷ்டப்படு.

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். மஸாஹிர் பள்ளிவாசலில் ஆலிம்சாமார் முன்னால் குந்தி எல்லாம் சொன்னான். சிலிண்டரில் இருந்த காற்று ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது. அவன் பொழுது படும் வரைக்கும் அந்த இடத்தையே சுற்றினான். அடுத்த நாள் ஊர்ப் படகெல்லாம் போய்த் தேடியது. நேவியும் வந்தது. இதுக்குப் பிறகு மௌத் என்றுதான் எடுக்க வேணும் என்று சொல்லிவிட்டார்கள். மையித்து கிடைக்காதவர்களுக்குத் தொழுவிக்கிற காயிப் ஜனாஸாத் தொழுகையை நாங்கள் சொல்கிற வெள்ளிக்கிழமை வைக்கிறோம் என்றார்கள். நான் சரி சொன்னேன். உம்மாவும் சொன்னா. நீ மட்டும்தான் மிச்சம். வீட்டுக்காரியின் வாய் திறக்காமல் வைக்க அவர்களுக்கு மனமில்லை.

உம்மா ஒவ்வொரு ஜும்ஆவுக்கும், "இண்டைக்கா?" என்று கேட்கிறா. நான் என்ன பதில் சொல்ல?

இன்னொன்று. அவன்ட மீன் தொட்டியில் அன்றைக்கு ஒரு வாடை அடித்தது. உதவி செய்வோம் என்று அந்தக் கறுப்புப் பஞ்சை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவப் போனேன். பாம்பைக் கண்ட மாதிரிப் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாய். அந்த ஆத்திரத்தில்தான் "பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில மீனுக்குக் காவல் இருக்கிறாய்" என்று வாயில் வந்துவிட்டது. அது பிழை. அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள். மற்ற எதையும் நான் திருப்பி எடுக்கமாட்டேன்.

ஸபீனா


ஆலங்குடா
30.01.2024

மதினி,

மன்னித்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. சமையலறைக்குப் போனால் அங்கேயும் இருக்கிறது.

பஞ்சு விஷயம் சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அந்தப் பஞ்சில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அதைத் தின்று நஞ்சு குறைந்த ஒன்றாக மாற்றுகின்றன. சவர்க்காரம் பட்டால் அவை செத்துவிடும். பிறகு மீன்களும் போகும். உங்கள் தம்பி அதைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டுத் திரும்ப வைப்பார். "இது அழுக்கில்ல பஸீஹா, இதுகள்தான் இந்த வீட்டு வேலைக்காரர்" என்பார். இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு இதைச் சொல்லித் தருவதில் அவருக்கு ஒரு குஷி.

அந்தத் தொட்டி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அலங்கார மீன் ஏற்றுமதிக் கம்பனிக்காரர் கழித்துவிடும் மீன்களை அவர் கொண்டுவருவார். செட்டை கிழிந்தது, கண் மங்கியது, வலையில் பட்டுச் செதில் போனது. வெளிநாட்டுக்கு அனுப்ப ஏலாதவை. இப்போது இருப்பதில் செட்டை கிழிந்த கோமாளி மீன் ஒன்றுக்கு 'நொண்டி' என்று பேர். அதற்கு ஒரு சோடி. பிறகு சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு சிறிய இறால். மற்ற மீன்களின் உடம்பைத் துப்புரவாக்குவது அதன் வேலை. கையை உள்ளே விட்டால் என் நகங்களையும் துப்புரவாக்கும்.

வாடை அடித்தது உண்மை. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் அலைக்கு அப்பால் போய் நீலக் கேன்களில் எடுத்துவந்து, துணியில் வடித்து, இருட்டில் சில நாள் வைத்துத்தான் ஊற்றுவார். அவர் வைத்துப்போன கேன்கள் முடிந்துவிட்டன. காய்ந்து குறைவதற்கு மட்டும் குடிக்கிற ஃபில்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு உள்ளேயே நிற்கும். எங்கள் கிணற்றை நம்பமாட்டேன். வெங்காயத் தோட்டத்து உரம், பசளை எல்லாம் அதற்குள்தான் இறங்குகிறது.

ஏன் கடல் தண்ணீர் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கடல் என் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். வெள்ளைக்காரர்கள் அதன்மேல் பட்டம் பிடித்துக்கொண்டு பாய்ந்து விளையாடுகிறார்கள். நான் ஒருநாள் வாளியோடு போனேன். கால் நனைந்தது. அவர் அதற்குள் இருக்கிறார் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் அதில் ஒரு வாளி அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுவது என்ன வேலை? அவர் அதற்குள் இல்லை என்று சொல்கிற நானே ஏன் அள்ளாமல் திரும்பினேன்? வாளி வாசலில் காலியாகவே கிடக்கிறது. அதனால்தான் தண்ணீர் மஞ்சளாகிறது.

பஸீஹா


புத்தளம்
05.02.2024

பஸீஹா,

உன் கடிதத்தை எங்கட வீட்டுக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அமோனியா வந்த இடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் வாசித்து முடித்துவிட்டு வெளியே போய் நின்றார். பிறகு வந்து, "கடல் வேணாமென்றால் உப்பு இருக்குதானே" என்றார்.

எங்களுக்கு இது ஏன் முதலே தோன்றவில்லை? உப்பளத்தில் வேலை செய்கிற மனிசனை வீட்டில் வைத்துக்கொண்டு நான் யோசிக்கிறேன். கடலைக் காயவைத்தால் உப்பு. உப்பைக் கரைத்தால் கடல். அயடீன் எதுவும் கலக்கமுந்தி, பாத்தியிலிருந்து அள்ளின சுத்தமான உப்பு ஒரு மூட்டை, கற்பிட்டி பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். நீ அந்த ஃபில்டர் தண்ணியில் கரைத்து ஊற்று. இது எங்கட ஊருக்குள் இருக்கிற களப்பு ஏரித் தண்ணியில் விளைந்தது, தம்பி போன பக்கம் இல்லை.

கண்டக்டர், "இவ்வளவு உப்பு ஊறுகாய்க்கா?" என்று கேட்டான். மீனுக்கு என்றேன். கருவாட்டுக்கு என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறான்.

நீ மூட்டையைத் தூக்காதே. யாரையும் கூப்பிடு.

ஸபீனா


ஆலங்குடா
19.02.2024

மதினி,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று தாள் கிழித்தேன்.

நீங்கள் அனுப்பிய உப்பு அழகாக இருந்தது. கரைத்தேன். உப்பு அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்தேன். கடலில் எந்தக் கோட்டில் நிற்குமோ அதே கோட்டில் நின்றது. மனம் நிறைந்து போனது. ஒரு தடவை மாற்றினேன். பிறகு, தண்ணீர் தெளிகிறது என்ற ஆசையில், பொறுக்காமல் அடுத்தடுத்து மாற்றினேன். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்களெல்லாம், "மாஷா அல்லாஹ், இப்பதான் தொட்டி நல்லா இருக்கு" என்றார்கள்.

முதலில் இறால் போனது. அது வளரும்போது உடம்பை மூடியிருக்கும் பழைய தோட்டைக் கழற்றிவிட்டுப் புதியது போடும். இந்த முறை பாதி கழற்றியது. மீதியைக் கழற்ற அதற்குப் பலமில்லை. தன் தோட்டுக்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நொண்டியின் சோடி. நொண்டி இப்போது மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

உங்கள்மேல் பிழையில்லை, உங்கள் வீட்டுக்கார நானாவின்மேலும் இல்லை. புத்தளத்தில் பிறந்த யாரும் இப்படித்தான் நினைப்போம். ஆனால் நான் வருடா வருடம் பிள்ளைகளைப் பாலாவி உப்பளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறவள். பாத்தியில் முதலில் சுண்ணாம்பு படியும். பிறகு உப்பு படியும். அதற்குமேல் நிற்கிற கசப்பு நீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள், நானாவிடம் கேளுங்கள். அந்தக் கசப்பில்தான் மக்னீசியமும் மற்றதும் இருக்கின்றன. நாம் அள்ளுவது கறிக்கு ருசியான ஒரு பங்கை. இறாலுக்குத் தோடு கட்டுவதும் தண்ணீரைப் புளிக்கவிடாமல் பிடித்து வைப்பதும் நாம் அள்ளாமல் விட்ட பங்குகள். காய்ந்து போனதைத் திரும்பக் கரைத்து யாரும் கடல் ஆக்க முடியாது. இதைப் பரீட்சைக்கு எழுதக் கொடுப்பேன். என் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரக் கூடாது என்று நினைத்தேன் போல.

மஸாஹிர் வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் வாசலில் நின்றுதான் கதைப்பார், உள்ளே வரமாட்டார்.

"ராத்தா, நான் ரெண்டு கேன் கொண்டு வாறன்."

"எந்த இடத்திலிருந்து கொண்டு வருவீங்க?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்ல தண்ணி அந்தப் பக்கத்துலதான் ராத்தா. கரையோரம் மண்ணும் எண்ணெயும். நளீம் நானா எடுக்கிறதும் அந்தப் பக்கத்துலதான்."

"வேணாம்" என்றேன்.

"மீன் செத்துப்போகும்."

"அது எனக்குத் தெரியும், மஸாஹிர்."

அவர் போகவில்லை. "என்னோட ஒரு சொல்லாவது கோபமாப் பேசுங்க ராத்தா. ஊரே என்னைப் பார்த்துப் பாவம் பாவம் எண்டுது" என்றார். எனக்கு அவரைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வாசலில் நின்றே குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்துப்போனார்.

பஸீஹா


புத்தளம்
23.02.2024

பஸீஹா,

மூட்டை அனுப்பினதுக்கு என் கையை நானே உடைக்க வேணும் போலிருக்கு. எங்கட வீட்டுக்காரர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, இவ்வளவு காலமும் திறந்துவிட்ட கசப்புத் தண்ணியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடும் குறைவு.

நீ கோபித்தாலும் பரவாயில்லை, ஒன்று சொல்கிறேன். அவன் சின்ன வயசிலே களப்பில் பிடித்த மீனைப் பால் டின்னில் போட்டுக் கொண்டுவருவான். நாங்கள் சத்தம் போடுவோம். உம்மா டின்னைக் கொட்டச் சொல்லுவா. அவன் அழமாட்டான். டின்னை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், புதுத்தண்ணி மாற்றிக்கொண்டு வந்து, கதவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். மீன் அவன் கையில் இருந்து சாகிறதை அவனுக்குப் பார்க்க ஏலாது. அவன் நாளைக்கு வந்து நிற்கிறான் என்று வை. நீ சொல்கிற மாதிரி இந்தியாவிலிருந்து தாடியும் கீடியுமாய் வருகிறான். வந்து முதலில் உன்னைப் பார்ப்பானா, தொட்டியைப் பார்ப்பானா? தொட்டியில் ஒன்றும் இல்லை என்றால் நீ என்ன சொல்லுவாய்? உனக்காக நான் கடலுக்குப் போகவில்லை என்றா?

அவன் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறவள் போய்த் தண்ணி அள்ளு. இல்லை என்று நினைத்தால் மூன்று பேரும் ஒன்றாய் அழுவோம், வா. இரண்டுக்கும் நடுவில் நின்று அந்த ஊமைச் சீவனைக் கொல்லாதே.

நோன்பு வருகிறது. உம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு. இந்த நோன்புக்கு முந்தியாவது அவனுக்காகத் தொழ வேணும் என்று ஆசைப்படுகிறா.

ஸபீனா


ஆலங்குடா
02.03.2024

மதினி,

போனேன்.

மஸாஹிரோடு தனியே போவது சரியில்லை என்று அவர் மனைவி றிஃப்னாவும் வந்தாள். அவளுக்குக் கடல் ஒத்துவராது. வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு, "நீங்க பாருங்க ராத்தா, நான் கண்ணத் திறக்கல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடல் அன்று எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. பின்னால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி சிறிதாகிக்கொண்டே போய் ஒரு பென்சில் அளவானது. மஸாஹிர் இயந்திரத்தை நிற்பாட்டினார். இதுதான் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தண்ணீரைப் பார்த்தவுடன் எனக்கு ஏதாவது நடக்கும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தெளிந்த நீலத் தண்ணீர். கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கேனைச் சரித்து நிரப்பினேன். இரண்டாவது கேனை நிரப்பும்போது அதன் மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. மிதந்தது. எட்டினால் கிடைக்கும் போல இருந்தது. எட்டினேன், கிடைக்கவில்லை. மஸாஹிர் துடுப்பை எடுத்தார். துடுப்புக்கும் எட்டவில்லை. அவர் இயந்திரத்தை இழுத்துக் கிளப்புவதற்குள் அது கண்ணில் இல்லை.

மதினி, எண்ணெய் மாதிரிக் கிடந்த கடல். மேலே ஒரு அசைவும் இல்லை. மூடி போன வேகத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அதுவும் மேல்மட்டத்தில், வெளிச்சத்தில், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க. அவர் அடியில் இருந்தார். தனியாக.

மஸாஹிர் தேடுவோம் என்றார். "தேடுவோம் ராத்தா, கிட்டத்தான் இருக்கும்" என்று வட்டம் அடிக்கத் தொடங்கினார். ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றும் இப்படித்தான் சுற்றியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில் நான்தான் சொன்னேன். "போதும் மஸாஹிர். திரும்புவோம்." அவர் இயந்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். றிஃப்னா கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டாள்.

தண்ணீரை அவர் செய்வது போல வடித்து, இருட்டில் வைத்து, காற்றுக் குழாய் போட்டிருக்கிறேன். அவசரம் கருதி இன்று முதல் பங்கை ஊற்றினேன், மெதுவாக, கோப்பை கோப்பையாக. ஒரேயடியாக மாற்றினால் நல்ல தண்ணீரும் கொன்றுவிடும். நொண்டி கீழே இறங்கி வந்திருக்கிறது. செவுள் அடிப்பது ஆறியிருக்கிறது. பிழைக்கும் என்று நினைக்கிறேன்.

ஆலிம்சாமாரிடம் சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமை தொழுகையை வைக்கலாம். அன்றிலிருந்து நான் இத்தா இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வெளியே போக முடியாத அந்த மாதங்களுக்கு மஸாஹிர் தண்ணீர் கொண்டுவருவார். நீங்களும் மாமியும் முதல் நாளே வந்துவிடுங்கள். உங்கள் குரலை இனி என்னால் கேட்க முடியும்.

பஸீஹா


புத்தளம்
05.03.2024

பஸீஹா,

தபாலில் போட்டால் வெள்ளிக்கு முந்தி வராது என்று இதைப் பஸ்காரனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தை உம்மாவுக்கு நான்தான் வாசித்தேன். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு தொழுகைக்கு வுளூ எடுக்கப் போனா. எங்கட வீட்டுக்காரர் ஆலிம்சாவுக்குச் சொல்லப் போனார். எல்லாம் நான் கேட்ட மாதிரி நடக்கிறது. நான் அடுப்படியில் போய் நின்று, சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சோறு அடிப்பிடித்துக் கருகிய பிறகுதான் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே கேட்டது.

நான் உன்னை எவ்வளவு ஏசினேன். மௌத்தாகிட்டான், மௌத்தாகிட்டான் என்று உன் முகத்துக்கு முன்னால் எத்தனை தடவை சொன்னேன். எனக்குத் துணிச்சல் என்று நீ நினைத்திருப்பாய். அங்கே நீ ஒருத்தி அவனுக்காகக் காத்திருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பஸீஹா. நீ இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு ஓம் என்று சொல்ல லேசாக இருந்தது. இப்ப நீயும் சொல்லிவிட்டாய். இனி அவன் வருவான் என்று நினைக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அவனுக்கு அப்படி ஆகிவிட்டது.

தொழுகையைத் தள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை. உம்மாவின் கால் தாங்காது. வெள்ளிக்கிழமை நடக்கட்டும். நீ இரு. நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் வருகிறேன். உம்மாவை வியாழன் பின்னேரம் அவர் கூட்டிவருவார். வியாழக்கிழமைப் பகல் முழுக்க எனக்குத் தா. ஒரு பகல்தான். கடல் பக்கத்துக் கதவைத் திறந்துவை. நீ உள்ளே போய்ப் படு. படுத்து, நீ இவ்வளவு நாளும் அழாததை எல்லாம் அழு. அந்தக் கதவில் நான் குந்திக்கொண்டு அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸபீனா